நேரலை வகுப்பில் திரைக்கு அப்பால் இருக்கும் மாணவருக்குப் புரிந்ததா என்று எப்படி அறிவது?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 14 ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்தி வருகிறேன். இந்தப் பருவத்திலிருந்து, பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி முதுநிலைப் படிப்பில் நிகழ்தகவுத் தாளை நேரலையில் நடத்தும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் இரவு 7.30 முதல் 9 மணி வரை வகுப்பு. பட்டியலில் 58 பேர் இருக்கிறார்கள். ஓசூரில் தொழிற்சாலைப் பணியில் இருப்பவர்கள், வால்பாறையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய்மார்கள், மஸ்கட்டில் வேலை பார்க்கும் இருவர் எனப் பெரும்பாலோர் பகல் நேரக் கல்லூரிக்கு ஒருநாளும் வர இயலாதவர்கள். அதனாலேயே இந்த வகுப்பை மிகுந்த விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

2020 ஊரடங்குக் காலத்தில் மாதக்கணக்காக நடத்திய அனுபவம் இருக்கிறதே என்ற துணிச்சலும் எனக்கு இருந்தது. ஆனால் அன்று கணினிக்கு அப்பால் இருந்தவர்கள் நான் ஏற்கெனவே நேரில் பார்த்துப் பழகிய பிள்ளைகள். யார் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பது குரலை வைத்தே எனக்குத் தெரியும். இப்போதோ கறுப்புக் கட்டங்களில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் மட்டுமே தெரிகின்றன.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, புதிய தகவல் கிடைத்ததும் ஒரு நிகழ்தகவை எப்படித் திருத்திக்கொள்வது என்று சொல்லும் பேயஸ் தேற்றத்தை நடத்தினேன். நோய்ச் சோதனை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, படிப்படியாக எழுதிக் காட்டி, "புரிந்ததா?" என்று கேட்டேன். உரையாடல் பெட்டியில் "யெஸ் மேம்" என்று மூன்று பேர் எழுதினார்கள். சரியாக 9 மணிக்கு நன்றி சொல்லி முடித்தேன். வழக்கமாக நானே இணைப்பைத் துண்டித்துவிடுவேன். அன்று ஏதோ ஒரு கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்ததால் துண்டிக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் 14 பெயர்கள் திரையில் அப்படியே நின்றன. சந்தேகம் கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று மகிழ்ந்து, ஒவ்வொரு பெயராக அழைத்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஒருவரும் அங்கே இல்லை. அடுத்த வாரம் வந்த ஒப்படைப்புகளைத் திருத்தியபோது, அனுப்பிய 41 பேரில் 30 பேருக்கு மேல், நோய் உள்ளவருக்குச் சோதனை நேர்மறையாக வரும் நிகழ்தகவையும், சோதனை நேர்மறையாக வந்தவருக்கு நோய் இருக்கும் நிகழ்தகவையும் ஒன்றென்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேர் வகுப்பில் இந்தக் குழப்பத்தை நான் முகத்திலேயே படித்திருப்பேன்.

சென்ற புதன்கிழமை இன்னொன்றும் நடந்தது. என் வீட்டு இணைப்பு அறுந்ததை அறியாமல் ஏழு நிமிடம் தொடர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் கைப்பேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த ஏழு நிமிட அமைதிக்கும் மற்ற நாள்களின் அமைதிக்கும் எனக்கு வேறுபாடே தெரியவில்லை என்பதுதான் மனத்தை மிகவும் வருத்தியது.

கேமராவைக் கட்டாயமாக்கலாமா என்று யோசிக்கிறேன். வகுப்பின் ஒளிப்பதிவைக் கொடுத்தால் நேரில் வருபவர் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. கணக்குகளைக் கையால் எழுதிக் காட்ட எது நல்ல வழி என்பதையும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கரும்பலகை மறுமொழி:

வணக்கம் அம்மா. கோவையில் பொறியியல் கல்லூரியில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் நேரலையில் நடத்துகிறேன். உங்கள் 14 பெயர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஊரடங்குக்குப் பல ஆண்டுகள் முன்பே, மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் கீழ் மும்பை ஐஐடி ஒரே நேரத்தில் பத்தாயிரம் ஆசிரியர்களுக்கு நேரலைப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை நடத்தியது. அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ என்ற மென்பொருள் வழியாக நாடெங்கும் உள்ள கல்லூரிகள் தொலைமையங்களாக இணைக்கப்பட்டிருந்தன. அப்படி ஒரு மையத்தில் நான் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். படம் அடிக்கடி உறையும். ஒலி விட்டு விட்டுத்தான் வரும். ஆயினும் அங்கே கற்றது இன்றும் நினைவில் நிற்கிறது. காரணம், எங்கள் அறையில் நாற்பது பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். ஒலி அறுந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்டேன், புரியாதபோது அவருடைய நோட்டைப் பார்த்தேன். ஒருங்கிணைப்பாளர் எங்கள் ஐயங்களைத் தொகுத்து மும்பைக்கு அனுப்பினார். இன்று அலைவரிசை பன்மடங்கு பெருகியிருக்கிறது, ஆனால் மாணவர் தனியாக இருக்கிறார். நீங்கள் இழந்தது அவர்களின் முகத்தை என்று நினைக்கிறீர்கள். அவர்கள் இழந்தது பக்கத்து இருக்கையை என்று எனக்குப் படுகிறது.

"புரிந்ததா?" என்று கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். புரிந்தவர் "ஆம்" என்பார், புரியாதவர் பேசாமல் இருப்பார், புரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவரும் "ஆம்" என்றே சொல்வார். அதற்குப் பதில், தவறான விடைக்கும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும் கேள்வி ஒன்றைக் கொடுத்து வாக்கெடுப்பு நடத்துங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்டு பரப்பிய முறை இது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அருகில் இருப்பவரிடம் தம் விடையை வாதாடிப் பார்க்க வேண்டும். அதன்பின் மீண்டும் வாக்கு. உங்கள் பாடத்திலேயே சொல்கிறேன். 1000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சோதனை நேர்மறை காட்டும்; நோயில்லாதவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் தவறாக நேர்மறை காட்டும். நேர்மறை வந்த ஒருவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 90 விழுக்காடு, 80, 50, 8 என நான்கு விடைகளைக் கொடுங்கள். முதல் வாக்கில் பெரும்பாலோர் 90-ஐத்தான் தேர்வார்கள். சரியான விடையை அப்போது சொல்லிவிடாதீர்கள். இருவர் இருவராகவோ மூவர் மூவராகவோ செயலியிலேயே உள்ள சிறு அறைகளுக்கு அனுப்பி ஐந்து நிமிடம் பேச விடுங்கள். நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர், நோயில்லாத 990 பேரில் 99 பேர், ஆக நேர்மறை வந்த 108 பேரில் ஒன்பது பேருக்குத்தான் நோய், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதை யாரோ ஒருவர் அந்த அறையில் எண்ணிக் காட்டிவிடுவார். ஒப்படைப்பு வரும்வரை காத்திருந்து நீங்கள் தெரிந்துகொண்டதை, வகுப்பிலேயே மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பதும் ஒரு கலை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பேசுபவர்களும் கூடுகிறார்கள் என்றும் 1970-களிலேயே கண்டறிந்தார். திரையின் முன் அந்த மூன்று விநாடி மிக நீளமாகத் தோன்றும். நாம் பதறிப்போய் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில், காணொளிக் கூட்டம் ஏன் அயர்ச்சி தருகிறது என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: பல கண்கள் மிக அருகிலிருந்து பார்ப்பது போன்ற உணர்வு, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருப்பது, தலையசைப்பைக்கூட முயன்று காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது. பகல் முழுதும் வேலை செய்துவிட்டு வருபவர்மீது இதையும் ஏற்ற வேண்டாமே. கேமரா எரிந்துகொண்டிருந்தாலும் கவனம் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பது நம் பணியாளர் கூட்டங்களிலேயே நாம் பார்த்ததுதான்.

அலைவரிசை மறுமொழி:

நான் ஆசிரியன் அல்லன். கல்லூரிகளுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். மேலே ஐயா சொன்னதற்குத் தொழில்நுட்பத் துணை ஒன்றைச் சேர்க்கிறேன்.

நேரலையில் ஒலியும் ஒளியும் செல்லும் முறை, கோப்பு பதிவிறங்கும் முறையிலிருந்து வேறுபட்டது. கோப்பில் ஒரு துண்டு தொலைந்தால் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரலைப் பேச்சில் அதற்கு நேரமில்லை, பெரும்பாலும் தொலைந்தது தொலைந்ததுதான். ஆனால் இன்று பல செயலிகள் பயன்படுத்தும் ஓபஸ் என்ற ஒலிக்குறிமுறை, விநாடிக்கு 6 கிலோபிட் அளவுக்குச் சுருங்கியும் பேச்சைக் கடத்தக்கூடியது. இடையில் ஒரு துளி விடுபட்டாலும் முன்பின் பார்த்து நிரப்பிவிடும். தெளிவான பேச்சுக்கு விநாடிக்கு 40 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஒன்றரை மணி நேர வகுப்பின் ஒலிக்கு 27 மெகாபைட் போதும். அதே வகுப்பை விநாடிக்கு 600 கிலோபிட் செலவாகும் படத்தோடு பார்த்தால் 405 மெகாபைட். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் வீட்டில் மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. 2021-இல் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வழங்கும் சிம் அட்டைகளை அறிவித்ததும் இந்தத் தேவையைக் கருதித்தான். ஆகவே உங்கள் முகத்தைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். உங்கள் குரலுக்கு மட்டும் எந்தக் குறையும் வரக் கூடாது. மடிக்கணினியின் மைக்கை நம்பாமல், வாய்க்கு அருகில் மைக் உள்ள ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். மின்விசிறிச் சத்தத்தோடு வரும் குரலை ஒன்றரை மணி நேரம் கேட்பது கேட்பவருக்குத் தனி உழைப்பு.

அடுத்தது தாமதம். தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க, ஒருபக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கல்விக்கென்றே 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட் போன்ற செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. குரல் மேலே போய்க் கீழே வரவே கால் விநாடி. கேள்விக்கு மறுமொழி வந்து சேர அரை விநாடி. இன்றைய ஒளியிழை வடத்தில் அந்தத் தொலைவு இல்லை என்றாலும், மாணவரின் கைப்பேசிக் கோபுரத்தில் நெரிசல் இருந்தால் தாமதம் அதே அளவுக்கு ஏறிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் தொடங்குவது இதனால்தான். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாம் முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனவே பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லி அழையுங்கள். ரோ அம்மையார் சொன்ன மூன்று விநாடிக்கு மேல், தாமதத்திற்கும் மியூட்டை எடுப்பதற்கும் சேர்த்து, பத்து விநாடி வரை காத்திருங்கள்.

உங்கள் ஏழு நிமிட இழப்பு இனி நேராமல் இருக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய கைப்பேசி ஒன்றில், வீட்டு வைஃபையில் அல்லாமல் மொபைல் டேட்டாவில், அதே வகுப்பில் மாணவராக நுழைந்து, ஒலியை அடைத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் எழுதுவது நகர்ந்துகொண்டிருக்கும்வரை மாணவர்களுக்கும் போய்ச் சேருகிறது என்று பொருள். கணினியை வைஃபைக்குப் பதில் கம்பிவழி ரௌட்டரில் இணையுங்கள். வேகம் பார்க்கும்போது பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். வகுப்பு நடத்துபவருக்கு அதுதான் முக்கியம். பெரும்பாலான வீட்டு ரௌட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே கையடக்க யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, மின்சாரம் போனாலும் வகுப்பு போகாது.

எழுதிக் காட்ட, திரையில்லாத சாதாரணப் பேனா டேப்லெட் போதும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். வெண்பரப்பில் கையெழுத்து மட்டும் மாறும் திரைப்பகிர்வுக்கு டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும்.

பனங்கூடல் மறுமொழி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பொருளியல் விரிவுரையாளராக இருக்கிறேன். கரும்பலகை ஐயா சொன்ன பக்கத்து இருக்கை என்ற கருத்தை வாசித்தபோது, நாங்கள் ஒரு நெருக்கடியில் அதையே வேறு வழியின்றிச் செய்தது நினைவுக்கு வந்தது.

2020-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு எங்களுக்குச் சூம் வசதியைப் பெற்றுத் தந்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்குள் நுழைய மாணவரின் டேட்டா கழியாதபடி தொலைபேசி நிறுவனங்களோடு ஏற்பாடும் செய்யப்பட்டது. அதனால் எங்கள் மாணவரிற் பெரும்பாலானோர் விரிவுரைக்கு வர முடிந்தது. ஆனால் 2022-இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமற் போயின. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஊர்களை ஆங்கில எழுத்துகளால் வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்திற்கு எப்போது மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். எந்த நேரத்தில் விரிவுரை வைத்தாலும் வகுப்பில் ஒரு பகுதியினர் இருளில்தான் இருப்பார்கள்.

அப்போது நான் 60 மாணவரையும் ஆறு ஆறு பேராகப் பிரித்தேன். ஒரே குழுவில் ஒரே வலயத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஒருவருக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் இன்னொருவர் விரிவுரையைக் கேட்டிருப்பார். கேட்டவர் கேளாதவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. முதல் வாரத்தில் குறிப்புகளை அனுப்பினார்கள். மூன்றாம் வாரத்தில், தான் கேட்டதை மற்றவருக்குச் சொல்ல முடியவில்லை என்று உணர்ந்தவர்கள் என்னிடம் வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். என் விரிவுரைகளில் அதற்கு முன் வராத கேள்விகள் அவை. மின்வெட்டு ஓய்ந்த பின்னும் அந்தக் குழுக்களை நான் கலைக்கவில்லை.

இதனால் ஐயாவோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சூம் தானாகவே பிரித்துவிடும் சிறு அறைகளில், ஒவ்வொரு நாளும் முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் ஐந்து நிமிடமும் வணக்கம் சொல்வதிலேயே போய்விடும். சில அறைகளில் அதுகூட நடவாது. பருவம் முழுவதும் ஒரே ஆறு பேர் என்று வைத்துவிடுங்கள். இருவர் வராவிட்டாலும் நால்வர் மிஞ்சுவார்கள். வாக்கெடுப்பு நல்லதுதான், ஆனால் அதன் பயன் இரண்டு வாக்குகளுக்கும் இடையில் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு முன்னறிமுகம் வேண்டும்.

ஒளிப்பதிவைப் பற்றி அஞ்ச வேண்டாம், கொடுங்கள். எங்கள் மாணவரில் வகுப்புக்கு வராதவர்கள் சோம்பலால் வராதவர்கள் அல்லர் என்பதை நான் காலம் தாழ்த்தித்தான் அறிந்தேன். ஆனால் 90 நிமிடத்தை முழுதாகக் கொடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். விளக்கப் பகுதியை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். குழுவில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள்; பதிவாகிறது என்று தெரிந்தால் பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து கதைக்க மாட்டார்கள்.

இரவு ஷிப்ட் மறுமொழி:

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் உங்கள் மாணவன் அல்லன்; வேறொரு பல்கலைக்கழகத்தில் இதேபோன்ற படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓசூரில் வேலை. உங்கள் திரையில் நின்ற 14 பெயர்களில் ஒன்று என்னைப் போன்றவனுடையதாக இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் நிறுவனப் பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் வகுப்பு தொடங்கும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இரண்டு இடங்களில் சிக்னல் போகும். கையில் நோட்டு இல்லை, எழுத இடமில்லை. அந்த நேரத்தில் "புரிந்ததா?" என்று கேட்டால், தட்டச்சு செய்ய எளிதானது "யெஸ்" மட்டுமே. அறைக்கு வந்த பிறகும் நான்கு பேர் தங்கியிருக்கும் அறை. ஒருவர் உறங்குவார், ஒருவர் உடை மாற்றிக்கொண்டிருப்பார். கேமராவை எப்படித் திறப்பது? ஒருமுறை என் ஆசிரியர் ஒருவர், கேமராவைத் திறக்காதவர்களுக்கு வருகைப்பதிவு இல்லை என்று அறிவித்தார். அன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி வகுப்பைக் கேட்டேன். ஒரு மணி நேரமும் என் மனம் பாடத்தில் இல்லை. பின்னால் யாராவது வந்துவிடுவார்களோ என்பதிலேயே இருந்தது.

என்னை இரண்டாம் ஆண்டு வரை கொண்டுவந்தது வேறொரு ஆசிரியரின் பழக்கம். வகுப்புக்கு முன்பே நான்கு பேருக்கு வாட்ஸ்அப்பில், "இன்று உங்களை இந்தக் கணக்கைப் பற்றிக் கேட்பேன்" என்று கணக்கையும் சேர்த்து அனுப்பிவிடுவார். என் முறை வரும் நாளில் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே அதைப் போட்டுப் பார்த்திருப்பேன். மியூட்டை எடுத்துவிட்டு என் விடையைச் சொன்ன முதல் நாள், பக்கத்து இருக்கையில் இருந்த சக பணியாளர், "நீ படிக்கிறாயா?" என்று கேட்டார். இன்று அவரும் என்னோடு சேர்ந்து படிக்கிறார்.

நல்ல விரிவுரை மட்டும்தான் தேவை என்றால், 2003 முதல் ஐஐடிகள் நடத்திவரும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் நிகழ்தகவுக்கே பல விரிவுரைத் தொடர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். புதன்கிழமை இரவு உடல் ஓய்ந்து கிடக்கும்போதும் வகுப்புக்குள் நுழைவது, என் தவறைத் திருத்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதற்காகத்தான்.

பொருநைக்கரை மறுமொழி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே மறுமொழி எழுதாமல், மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

58 பேரையும் ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தேன். கடைசி இரண்டு குழுக்களில் ஐந்து பேர். ஷிப்ட் நேரத்தைக் கேட்டறிந்து, ஒரே ஷிப்ட்டில் உள்ளவர்கள் ஒரே குழுவில் குவியாதபடி பார்த்துக்கொண்டேன். முதல் நாள் பாடம் எதுவும் நடத்தாமல், ஊர், வேலை, வகுப்பை எங்கிருந்து கேட்கிறோம் என்பதை மட்டும் அவரவர் குழுவில் சொல்லச் சொன்னேன். அதன்பின் கரும்பலகை ஐயா கொடுத்த கணக்கையே வாக்குக்கு விட்டேன். அன்று வந்திருந்த 46 பேரில் 29 பேர் 90 விழுக்காடு என்றார்கள். தேற்றத்தை நடத்தி, ஒப்படைப்பைத் திருத்திக் கொடுத்த பிறகு வந்த எண்ணிக்கை அது! குழுக்களில் எட்டு நிமிடம் பேசிவிட்டு வந்த பிறகு 90 என்றவர்கள் 11 பேர்; 8 என்றவர்கள் 30 பேர். மிஞ்சிய 11 பேருக்காக அடுத்த வகுப்பில் ஆயிரம் புள்ளிகளைத் திரையில் வரைந்து, நோயுள்ள பத்தையும் சிவப்பில் வட்டமிட்டு, மீண்டும் நடத்தினேன்.

ஒரு தவறும் செய்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நல்லெண்ணத்தோடு ஒரு அறைக்குள் நுழைந்தேன். ஒரு பெண் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். என் பெயரைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். இப்போது அழைத்தால் ஒழிய நுழைவதில்லை. நான்காம் குழு இன்னும் பேசவே இல்லை. அவர்களில் மூவருக்கு வாரந்தோறும் ஷிப்ட் மாறுகிறது. அந்தக் குழுவை என்ன செய்வது என்று பனங்கூடல் அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கைப்பேசி மேசைமேல் இருக்கிறது. இரண்டு முறை இணைப்பு அறுந்ததை அரை நிமிடத்திற்குள் கண்டுகொண்டேன். வகுப்புக்கு முன் நான்கு பேருக்குக் கணக்கு அனுப்பும் பழக்கத்தையும் தொடங்கிவிட்டேன். ஓசூர்த் தம்பிக்கு அதற்காகத் தனி நன்றி.

சென்ற வெள்ளிக்கிழமை 9 மணிக்கு விடைபெற்ற பிறகு இணைப்பைத் துண்டிக்காமல் பார்த்தேன். ஆறு பெயர்கள் நின்றன. பெயர் சொல்லி அழைத்து, பத்து விநாடி எண்ணினேன். நான்கு பேரிடமிருந்து மறுமொழி இல்லை. ஐந்தாவதாக வால்பாறை ஆசிரியை பேசினார், மூன்றாம் கணக்கில் நிபந்தனையை மாற்றி எழுதிவிட்டதாகச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து இன்னொருவர், தமக்கும் அதே இடத்தில்தான் சிக்கல் என்றார். 9.25 வரை மூவருமாக அந்தக் கணக்கைப் போட்டோம்.